பழைய காரும் கைக்கியரும்

கையினாலே செய்துவந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைப்பதையே மனிதன் முன்னேற்றம் எனக் கருதி வந்திருக்கின்றான். துலாவிலே நீர் இறைத்தவன் இன்று விசைப்பம்பினால் இறைக்கின்றான். உரலிலே இடித்தவன் ஆலைக்குக் கொண்டுசெல்கின்றான். ஒருமுறை இயந்திரத்திடம் கொடுத்த வேலையை மீளவும் கேட்டு வாங்குவோர் அரியர். விசைப்பம்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தோட்டத்துக் கிணற்றிலே துலாவை நாட்டும் கமக்காரன் ஒருவனைக் கண்டால் ஊரார் வியந்து நோக்குவர் அன்றோ?

மோட்டார்க் கார்த் தொழிலிலே நெடுங்காலம் தலைநின்ற ஐக்கிய அமெரிக்காவிலே இதனையொத்த காரியம் ஒன்று நடைபெற்று வருகின்றது. கியரைத் தானாகவே மாற்றிக்கொள்ளும் பழைய கார்களை வைத்திருப்போருட் பலர், அந்தத் தானியங்கிப் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கையாலும் காலாலும் இயக்க வேண்டிய கியர்ப்பெட்டியை அதனிடத்திலே பூட்டுகின்றனர். இதற்காக அவர்கள் பணத்தைச் செலவிடுகின்றனர். வாரக்கணக்காகக் காரின் அடியிலே மல்லாந்து கிடக்கின்றனர். இஃது எதன் பொருட்டு? இவ்வேலையிலே அடங்கியிருப்பவை யாவை? இதனைச் செய்பவர் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு எத்தகையது? இவையே இப்பேச்சின் பொருளாகும்.

முதலிலே கியர்ப்பெட்டி எதற்காக வேண்டும் என்பதை நோக்குவோம். பெற்றோல் இயந்திரம் மெல்லச் சுழலும்பொழுது வலிமை குன்றியது; விரைந்து சுழலும்பொழுதே அது தன் ஆற்றலைக் காட்டும். நின்ற வண்டியை நகர்த்தவும் மேட்டிலே ஏற்றவும் பெருவிசை வேண்டும். ஆகவே அவ்வேளையில் இயந்திரம் விரைந்தும் சில்லுகள் மெல்லவும் சுழல வேண்டும். சமதரையிலே வண்டி ஓடத் தொடங்கியபின் விசை சிறிது போதும், வேகமே வேண்டப்படும். மலையேறுபவன் அடியைக் குறுக்கி வைக்கின்றான். சமவெளியில் நடப்பவன் அடியை நீட்டி வைக்கின்றான். மோட்டார்க் கார் தன் அடியைக் குறுக்கவும் நீட்டவும் துணை செய்யும் உறுப்பே கியர்ப்பெட்டி. இயந்திரத்திற்கும் இப்பெட்டிக்கும் உள்ள தொடர்பை வேண்டும்பொழுது அறுத்து, மீண்டும் மெல்லச் சேர்ப்பது கிளச் ஆகும்.

தொடக்ககாலக் கார்களில் இவ்வேலை எளிதாயிருக்கவில்லை. வெவ்வேறு வேகத்திற் சுழலும் இரு பற்சில்லுகளைக் கோக்க முயலும்பொழுது அவை ஒன்றோடொன்று மோதிக் கரகரவென்று அரைபடும். இதனைத் தவிர்ப்பதற்குச் சாரதி கிளச்சை ஒருமுறைக்கு இருமுறை மிதித்து, இடையிலே இயந்திரத்தின் வேகத்தைக் காதினாலே கேட்டுச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஹென்றி போர்ட் 1908 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மொடல் ரி' கார் இத்தொல்லையை வேறொரு வழியால் நீக்கியது. ஞாயிற்றைக் கோள்கள் சுற்றுவதுபோல ஒரு நடுப்பற்சில்லைச் சிறு பற்சில்லுகள் சுற்றிவரும் அமைப்பு அதிலே இருந்தது. பற்கள் எப்பொழுதும் கோத்தபடியே இருந்தமையால் அரைபடுவதற்கு இடமில்லை. மிதிகளை மிதித்தே சாரதி வேகத்தை மாற்றினான். ஆயின் முன்னோக்கிச் செல்வதற்கு அக்காரில் இரண்டு வேகங்களே இருந்தன.

இவ்வரலாற்றிலே முக்கிய இடம் பெறுபவர் ஏர்ல் தொம்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். பற்கள் கோக்குமுன் இரு பகுதிகளின் வேகத்தையும் உராய்வினாற் சமப்படுத்தும் அமைப்பொன்றை அவர் உருவாக்கினார். 1928 ஆம் ஆண்டிலே கடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டது. இரட்டை மிதிப்பும் கூர்த்த காதும் இல்லாதவர்களும் ஓசையின்றிக் கியர் மாற்றும் நிலை அதனால் உண்டாயிற்று. பின்னர் கையின் வேலையை எளிதாக்கிய அதே தொம்சனே அவ்வேலையை முற்றாக நீக்கும் முயற்சிக்கும் தலைவரானார். அவரும் அவர் குழுவினரும் ஆக்கிய 'ஹைட்ராமற்றிக்' என்னும் தானியங்கிப் பெட்டி, ஒல்ட்ஸ்மொபீல் நிறுவனத்தின் 1940 ஆம் ஆண்டுக் கார்களிலே வெளிவந்தது. இதற்காக 1963 ஆம் ஆண்டிலே தொம்சனுக்கும் அவருடைய துணைவர்களுக்கும் எல்மர் ஸ்பெரி பரிசு வழங்கப்பட்டது.

இப்பெட்டி எவ்வாறு வேலை செய்கின்றது? இரண்டு மின்விசிறிகளை எதிரெதிராக வைத்து ஒன்றை மாத்திரம் சுழலவிட்டால், அதனின்றும் எழும் காற்று மற்றதனையும் சுழற்றத் தொடங்கும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயையும் விசிறிகளுக்குப் பதிலாக ஒரே கூட்டினுள் அடங்கிய தகட்டுச் சில்லுகளையும் நினைத்துக்கொண்டால் போதும். ஹேர்மன் பெற்றிங்கர் என்னும் ஜெர்மானியர் 1905 ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்ற தத்துவம் இதுவே. கிளச்சின் இடத்தை எண்ணெய் பெற்றது. அதன் பின்னாலே, மொடல் ரி காரில் இருந்தவை போன்ற கோட்பற்சில்லுகள் நின்றன. எப்பொழுது எந்தக் கியர் வேண்டும் என்பதை எண்ணெயின் அழுத்தமே தீர்மானித்தது. இரண்டாம் உலகப் போரிலே அமெரிக்கரின் இலேசான டாங்கிகள் சிலவற்றிலும் ஹைட்ராமற்றிக் பெட்டி பூட்டப்பட்டுக் கடுமையான சோதனைக்குள்ளாகித் தேறியது.

தானியங்கிக் கியரைச் சோம்பேறிகளின் கருவி என்று இகழ்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். போரிலே கால் இழந்து மீண்ட வீரர்களுக்குக் கார் வாங்க 1,600 டொலர் வரை உதவியளிக்க அமெரிக்கக் காங்கிரஸ் 1946 ஆம் ஆண்டிலே வழிசெய்தது. இடது காலால் மிதிக்க வேண்டிய கிளச் இல்லாத கார் அவர்களுக்கு ஆடம்பரப் பொருளன்று. வீட்டை விட்டு வெளியே செல்லும் உரிமையாகவே இருந்தது. மூட்டுவலியுடைய முதியவர்க்கும் அஃது அத்தகையதே. ஆதலின், ஒரு காரிலிருந்து தானியங்கிப் பெட்டியைக் கழற்றும் எவரும், அக்காரை ஓட்டக்கூடியோர் சிலரை வெளியே நிறுத்துகின்றனர் என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் ஓட்டும் வண்டியாயின், திருகாணியிலே கைவைக்குமுன் இதனை வீட்டிலே பேசித் தீர்த்துக்கொள்வது முறை.

1948 இல் பியூக், 1950 இல் செவர்லே, 1951 இல் போர்ட் என ஒவ்வொரு பெயரும் தன் தன் தானியங்கிப் பெட்டியோடு சந்தைக்கு வந்தது. 1960 ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் கார்களிற் பெரும்பாலானவை கிளச் மிதியை இழந்துவிட்டன. அவ்வாறாயின், இன்று கைக்கியருக்குத் திரும்புவோரின் எண்ணம் யாது? ஒரு காரை எடுத்துக்கொண்டு நோக்கினால் இது தெளிவாகும்.

போர்ட் நிறுவனம் 1964 ஆம் ஆண்டு ஏப்ரல் 17 ஆந் தேதி நியூயோர்க் உலகக் கண்காட்சியிலே மஸ்டாங் என்னும் காரை அறிமுகஞ் செய்தது. அதன் தொடக்க விலை 2,368 டொலர். இரண்டு ஆண்டு நிறையுமுன்னரே பத்து இலட்சம் கார்கள் வெளிவந்தன. விலையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது மூன்று வேகக் கைக்கியர்; மேலதிகமாகப் பணங் கட்டியோர்க்குச் 'சி-4' என்னும் மூன்று வேகத் தானியங்கிப் பெட்டி கிடைத்தது. பெருந்தொகையினர் பின்னதையே விரும்பினர். இக்கார்களிற் பல இன்றும் ஓடுகின்றன; தந்தையிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் வந்தவையும் அவற்றுள் உள.

கார் மாறாதிருக்கப் பாதை மாறிவிட்டது. 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கத் தொடங்கிய மாநிலங்களிடை நெடுஞ்சாலைகள் நாடெங்கும் பரந்தன. 1974 இல் விதிக்கப்பட்ட மணிக்கு 55 மைல் என்னும் நாடளாவிய எல்லை 1995 இல் நீக்கப்பட்டது. இன்று பல மாநிலங்களில் 70 மைலும் அதற்கு மேலும் அனுமதிக்கப்படுகின்றன. சி-4 பெட்டியின் மூன்றாங் கியரில் இயந்திரத் தண்டு ஒருமுறை சுழன்றால் பெட்டியினின்று வெளிவரும் தண்டும் ஒருமுறையே சுழலும். அதற்கு மேல் நீண்ட அடி வைக்க வழியில்லை. ஆகவே நெடுஞ்சாலை வேகத்திலே பழைய இயந்திரம் ஓயாது இரைந்துகொண்டே ஓடுகின்றது; பெற்றோலும் மிகுதியாகச் செலவாகின்றது.

இதற்கு மருந்தாகப் பலரும் நாடுவது போர்க்-வார்னர் நிறுவனம் ஆக்கிய 'ரி-5' என்னும் ஐந்து வேகக் கைக்கியர்ப் பெட்டி. 1983 ஆம் ஆண்டு முதல் புதிய தலைமுறை மஸ்டாங் கார்களிலே இது பூட்டப்பட்டது. 1985 முதல் 1993 வரையில் எட்டு உருளை மஸ்டாங் கார்களில் வந்த ரி-5 பெட்டியின் கணக்கைப் பார்ப்போம். சி-4 பெட்டியின் முதற் கியர் விகிதம் 2.46, ரி-5 பெட்டியினது பெரும்பாலும் 3.35. புறப்படும்பொழுது அடி மேலும் குறுகுவதால் வண்டி விசையோடு கிளம்புகின்றது. ஐந்தாங் கியரின் விகிதம் 0.68. அஃதாவது, முன்பு நிமிடத்திற்கு 3,000 முறை சுழல வேண்டியிருந்த இயந்திரம், அதே சாலையில் அதே வேகத்தில், 2,040 முறை சுழன்றால் போதுமானது. மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மீதமாகின்றது, இரைச்சல் அடங்குகின்றது, காரினுள் இருப்போர் குரலை உயர்த்தாது பேச முடிகின்றது. ஆகவே கைக்கியருக்கு மாறுவோர் அனைவரும் பழைமையைத் தேடிச் செல்வோர் அல்லர். புதிய காலத்துப் பாதையிலே பழைய காரை வாழவைக்க முயல்வோரும் ஆவர்.

இனி வேலையை நோக்குவோம். ஒரு பெட்டியைக் கழற்றி மற்றொன்றைப் பூட்டுவதுதானே என்று தொடங்குபவர் விரைவிலே திகைத்து நிற்பர். தானியங்கிப் பெட்டி சாரதிக்காகப் பல வேலைகளைச் சொல்லாமலே செய்துவந்தது. அது போனபின் அவ்வேலைகள் ஒவ்வொன்றையும் வேறொரு உறுப்பிடமோ சாரதியிடமோ ஒப்படைத்தல் வேண்டும். விடுபட்டது எதுவோ அதுவே பின்னர் இடர் விளைக்கும்.

முதல் வேலை மிதிகளைப் பற்றியது. தானியங்கிக் காரிலே பிறேக் மிதி அகலமானது. கிளச் மிதி இல்லை. கைக்கியர்க் காரிலே பிறேக் மிதி ஒடுங்கியது. அதனருகே கிளச் மிதி தொங்கும். இரண்டையும் தாங்கும் இரும்புச் சட்டம் கருவிப் பலகையின் பின்னே ஒளிந்திருக்கின்றது. அதனைக் கழற்ற முன்னிருக்கையை எடுத்துவிட்டுத் தலைகீழாகக் கிடந்து வேலை செய்ய வேண்டும். பழைய கார்களிலிருந்து எடுத்த சட்டமாயின் அதன் உள்வளையங்கள் தேய்ந்திருக்கும். பூட்டுமுன் அவற்றை மாற்றாவிட்டால், எல்லாம் முடிந்தபின் மீண்டும் தலைகீழாகக் கிடக்க நேரும்.

இரண்டாவது வேலை இயந்திரத்தின் பின்புறத்திலே. தானியங்கிக் காரின் இயந்திரத் தண்டிலே மெல்லிய தகடொன்றுதான் பூட்டப்பட்டிருக்கும். கைக்கியருக்கு அவ்விடத்திலே கனத்த பாரச்சில்லு வேண்டும். கிளச் அதனைப் பற்றியே இயங்கும். மஸ்டாங் காரின் எட்டு உருளை இயந்திரங்களில் இப்பாரச்சில்லு இயந்திரத்தின் சமநிலையையும் காக்கின்றது. 1960களின் இயந்திரத்திற்கு 28 அவுன்சு-அங்குலச் சமநிலை வேண்டும். 1980களிலே வந்த அதன் வழித்தோன்றலுக்கு 50 வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். புதிய கியர்ப்பெட்டியோடு கிடைத்ததே என்று அதன் பாரச்சில்லையும் பழைய இயந்திரத்திலே பூட்டினால், கார் முழுவதும் காய்ச்சல் கண்டதுபோல நடுங்கும்.

தண்டின் முனையிலே உள்ள குழியில் ஒரு சிறு தாங்கியையும் செருக வேண்டும். கியர்ப்பெட்டியின் முன்தண்டு அதிலே தலைவைத்துச் சுழலும். கிறைஸ்லர் நிறுவனத்தின் சில பழைய இயந்திரங்களில், தானியங்கிப் பெட்டியோடு செல்ல வேண்டியவற்றிற்கு இக்குழியைத் தொழிற்சாலையார் செம்மையாகக் கடைந்து முடிக்கவில்லை. அத்தகைய காரை வைத்திருப்போர் இதனை முன்னரே பார்த்துக்கொள்ளாவிடின் வேலை நடுவழியிலே நின்றுவிடும்.

மூன்றாவது, இயந்திரத்தையும் கியர்ப்பெட்டியையும் இணைக்கும் மணிவடிவக் கூடு. மஸ்டாங் இயந்திரங்களிலே 1964 ஆகஸ்டு வரையில் இக்கூட்டை ஐந்து திருகாணிகள் பிடித்தன, பின்னர் ஆறு. எனவே வாங்குமுன் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழைய கூட்டிலே ரி-5 பெட்டி நேராகப் பொருந்தாது; இடைத்தகடு ஒன்று தேவை. பொருந்தியது என்றவுடன் மகிழ்ந்து திருகாணிகளை முடுக்கிவிடுவோர் பலர். தேர்ந்த கைவினைஞரோ அளவுமானியை எடுப்பர். அதனைப் பாரச்சில்லிலே நிறுத்தி, கையால் மெல்லச் சுழற்றி, கூட்டின் நடுத்துளை இயந்திரத் தண்டின் மையத்தோடு ஒத்திருக்கின்றதா என்று பார்ப்பர். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஐந்து பங்கிற்கு மேல் மையம் விலகலாகாது. எழுதும் தாளின் தடிப்பே ஏறக்குறைய நான்கு பங்கு இருக்கும். அதனினும் கூடுதலாக விலகியிருந்தால், மையம் விலகிய சிறு முளைகளைச் செருகிக் கூட்டை நகர்த்திச் சரிசெய்யலாம். இதைச் செய்யாது விட்டாலும் கார் ஓடும். ஆனால் முன்தண்டு நாள்தோறும் சற்றே வளைந்து வளைந்து சுழன்று தாங்கிகளைத் தின்றுவிடும். குற்றம் பிறந்த நாளிலே தெரியாது. பெட்டி பழுதடையும் நாளிலே தெரியும். அப்பொழுது அந்த நல்ல பெட்டியே பழியைச் சுமக்கும்.

ஏனைய வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். இயந்திரத்தைக் கிளப்பும் மோட்டாரும் இருவகைக் கார்களுக்கும் வேறானது. பெட்டியின் வாலைத் தாங்கும் குறுக்குச் சட்டம் மாற்றப்படல் வேண்டும். பின்னச்சுக்குச் செல்லும் நெடுந்தண்டு சில கார்களில் அப்படியே பொருந்தும். சிலவற்றில் அதனை வெட்டிச் சுருக்கிச் சமநிலை பார்க்க வேண்டும். புதிய பெட்டியைப் பூட்டி, காரைத் தன் பாரத்திலே நிறுத்தி அளந்தபின்னரே வெட்டத் துணிதல் தகும். வேகமானியை இயக்கும் சிறு பற்சில்லையும் பின்னச்சின் விகிதத்திற்கு ஏற்பத் தெரிந்தெடுக்க வேண்டும். இல்லையேல் மானி பொய் சொல்லும். ரி-5 பெட்டியைப் பற்றிய வேடிக்கையான செய்தியொன்றும் உண்டு. 1985 முதல் எட்டு உருளை மஸ்டாங் கார்களுக்கு வந்த இக்கைக்கியர்ப் பெட்டி குடிப்பது தானியங்கிப் பெட்டியின் மெல்லிய எண்ணெயையே. பழைய வழக்கப்படி தடித்த கியர் எண்ணெயை வார்ப்போர் நன்மை செய்வதாக நினைத்துத் தீமை செய்கின்றனர்.

கழற்றிய பெட்டி விட்டுச்சென்ற வெற்றிடங்களும் கவனிக்கத்தக்கவை. சி-4 பெட்டிக்கு இயந்திரத்தின் உறிஞ்சுகுழாயிலிருந்து ஒரு சிறு குழாய் சென்றது. அதனை அடைக்காது விட்டால் இயந்திரம் அதன்வழியே காற்றை உறிஞ்சித் தடுமாறும். எண்ணெயைக் குளிர்விக்க நீர்த்தொட்டிக்குச் சென்ற குழாய்கள் உள்ள கார்களில் அவற்றின் வாய்களையும் மூட வேண்டும்.

இவற்றினும் முக்கியமானவை இரண்டு உள. தானியங்கிக் காரிலே கியர் நெம்பு உரிய நிலையில் இருந்தாலன்றி இயந்திரம் கிளம்பாது. நெம்போடு சேர்ந்த ஓர் ஆளி அதனைக் காத்து நிற்கும். நெம்பைக் கழற்றும்பொழுது அந்த ஆளியும் போய்விடும். கார் கிளம்பவில்லையே என்று அவசரப்படுவோர் அதன் கம்பிகள் இரண்டையும் முறுக்கி ஒன்றாக இணைத்துவிடுகின்றனர். அன்று முதல் அக்கார், கியர் விழுந்திருக்கும் நிலையிலும் திறப்பைத் திருப்பியவுடன் பாயும். ஒரு சிறுவன் விளையாட்டாகத் திறப்பைத் திருப்பினான் என்று வைத்துக்கொண்டால், கொட்டகையின் சுவருக்கும் காருக்கும் இடையிலே நிற்பவரின் கதி என்னாகும்? கிளச் மிதியை முழுதும் மிதித்தால் மாத்திரம் மின்னோட்டத்தை விடும் ஆளியொன்றை மிதியருகே பொருத்துவது எளிது, செலவும் குறைவு. அதைப் பொருத்தாது வேலை முடிந்தது என்று சொல்லலாகாது.

மற்றது கைப்பிறேக். தானியங்கிக் காரிலே 'பார்க்' என்னும் நிலை உண்டு. அதிலே நெம்பை வைத்தவுடன் பெட்டியினுள்ளே ஒரு கொளுவி விழுந்து வண்டியை அசையாது நிறுத்திவிடும். அந்த நம்பிக்கையினால் அக்கார்களின் சாரதிகள் கைப்பிறேக்கைத் தொடுவதேயில்லை. ஐம்பது அறுபது ஆண்டு கடந்தபின் அதன் கம்பிவடங்கள் துருப்பிடித்து இறுகிக் கிடப்பதைப் பல கார்களிற் காணலாம். கைக்கியர்ப் பெட்டியிலே அக்கொளுவி இல்லை. சரிவிலே நிறுத்திய வண்டியைக் காப்பது கைப்பிறேக்கும், கியரில் விட்டுச்செல்லும் பழக்கமுமே. ஆகவே புதிய பெட்டியைப் பற்றிக் கனவு காண்பவர், எவரும் நினையாத அந்தத் துருவேறிய வடத்தையும் மாற்றிவிட்டே சாலைக்கு இறங்குதல் வேண்டும்.

சுழலும் இரும்பினுள் அடங்கிய ஆற்றல் எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும். டொன் காலிற்ஸ் என்பவர் அமெரிக்காவின் நேர்ப்பாதைக் கார் ஓட்டப் பந்தயங்களிலே பெரும்புகழ் பெற்றவர். 1970 ஆம் ஆண்டு மார்ச்சிலே, கலிபோர்னியாவின் லயன்ஸ் பந்தயத் திடலில், அவர் ஓட்டிய வண்டியின் கியர்ப்பெட்டி வெடித்துச் சிதறியது. அவர் தமது வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். அதன்பின், இயந்திரத்தைச் சாரதிக்குப் பின்னாலே வைக்கும் புதிய வண்டியை அமைத்து, 1971 இல் அதனோடு திடலுக்கு மீண்டார். நாளடைவில் ஏனையோரும் அவ்வமைப்பையே பின்பற்றினர். வீதியில் ஓடும் கார் பந்தய வண்டியன்று. எனினும் பாரச்சில்லும் கிளச்சும் சாரதியின் பாதங்களுக்கு மிக அண்மையிலேயே சுழல்கின்றன. வெடித்த பழைய பாரச்சில்லைத் துடைத்து மீண்டும் பூட்டுவதும், தேய்ந்த திருகாணிகளைப் பயன்படுத்துவதும் சிக்கனமாகா. இயந்திரத்தின் வலிமையைக் கூட்டியோர் தடித்த உருக்கினாலான கூட்டை நாடுவது இக்காரணம் பற்றியே.

இவ்வளவு பாடுபட்டு மாற்றிய காரைப் பற்றி ஒரு வழக்கும் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்திலேயே பழைய கார் காக்கப்படல் வேண்டும் என்பது ஒரு சாரார் கொள்கை. அவர்களுக்கு அது வரலாற்றுச் சான்று. ஓர் ஏட்டிலே எழுத்தைத் திருத்துவது எத்தகையதோ அத்தகையது காரின் உறுப்பை மாற்றுவது. ஓடாத கார் கார் அன்று. பயன்பாடே அதற்கு உயிர் என்பர் மற்றையோர். இரு கொள்கையிலும் உண்மை உண்டு. இரண்டையும் மதிப்போர் நடுவழி ஒன்றைக் கைக்கொள்கின்றனர். அவர்கள் காரின் உடலை வெட்டாமல், திருகாணியாற் பூட்டக்கூடிய உறுப்புக்களையே தெரிந்தெடுக்கின்றனர். கழற்றிய பெட்டியை எண்ணெயோடு வாய் மூடி, அதன் சிறு உறுப்புக்களைப் பெயரெழுதிய பைகளில் இட்டு, கொட்டகையின் ஒரு மூலையிலே வைக்கின்றனர். பின்னொருநாள் அக்காரை ஓட்டப்போகும் மனைவிக்கோ மகளுக்கோ, முதுமையிலே தமக்கேயோ, அது மீண்டும் தேவைப்படலாம் அன்றோ?

மேலும், அக்காலத்து மஸ்டாங் காரின் கதவோரத்திலே ஒரு சிறு தகடு அறையப்பட்டிருக்கின்றது. காரின் நிறம், பின்னச்சின் விகிதம், கியர்ப்பெட்டியின் வகை என்பன அதிலே குறியீடுகளாகப் பொறிக்கப்பட்டுள்ளன. 1965 ஆம் ஆண்டுக் காரிலே கியர்ப்பெட்டியின் இடத்தில் 6 என்னும் எண் இருந்தால் அது சி-4 தானியங்கியோடு பிறந்த கார். 5 என்றிருந்தால் நான்கு வேகக் கைக்கியரோடு பிறந்தது. கைக்கியர்க் கார்களுக்குச் சந்தையிலே மதிப்புக் கூடுதல் என்பதனால் இத்தகட்டையே மாற்றிவிடும் வஞ்சகரும் உளர். காரிலே எதனை மாற்றினாலும் அத்தகட்டை மாற்றலாகாது. 6 என்னும் எண் அங்கேயே நிற்கட்டும். கைக்கியர் பின்னர் பூட்டப்பட்டது என்பதை விற்கும் நாளில் வாங்குபவருக்கு வாய்திறந்து சொல்லுவதே நேர்மை. நன்றாகச் செய்த வேலையை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை.

இன்று அமெரிக்காவிலே விற்பனையாகும் புதிய கார்களில் கிளச் மிதியுடையவை நூற்றில் ஒன்றிரண்டே. மின்சாரக் கார்களிற் பெரும்பாலானவற்றிற்குப் பல கியர்கள் வேண்டியதுமில்லை. கியர் மாற்றத் தெரியாத தலைமுறையொன்று அங்கே வளர்ந்துவிட்டது. இந்நிலையிலே, பழைய காரில் கைக்கியரைப் பூட்டுபவர் ஒருவர் தம் பிள்ளைகளைக் கருவிகளை எடுத்துக் கொடுக்கும்படி அருகிலே வைத்துக்கொண்டால், ஒரு வேலையோடு ஒரு கல்வியும் நிறைவேறுகின்றது. பாரச்சில்லு ஏன் கனத்திருக்கின்றது, பற்கள் ஏன் அரைபடாமற் கோக்கின்றன, ஆயிரத்தில் ஐந்து பங்கு எதற்காகப் பொருட்படுத்தப்படுகின்றது என்பவற்றை அப்பிள்ளைகள் நூலிலே படிப்பதற்கு முன் கையிலே உணர்கின்றனர்.

எல்லாம் முடிந்தபின் முதல் ஓட்டம் வரும். புதிய கிளச் பதமாவதற்கு முதல் 500 மைல் வரை மென்மையாகவே ஓட்டல் வேண்டும் என்பது கைவினைஞர் கூறும் விதி. இதுகாறும் சும்மா இருந்த இடது கால் தன் வேலையைக் கற்கத் தொடங்கும். மேட்டிலே நின்று புறப்படுகையில் கார் சற்றே பின்வாங்கும். இயந்திரம் ஒருமுறை அணைந்தும் போகும். எண்ணெயும் அழுத்தமும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவரும் வேலை எத்துணை நுட்பமானது என்பது அப்பொழுதுதான் அந்தச் சாரதிக்கு விளங்கும். கைக்கியரை விரும்பி எடுத்துக்கொண்டவரே ஏர்ல் தொம்சனின் அறிவை மிகுதியாக வியப்பார். காது இயந்திரத்தின் குரலைக் கேட்கவும், கையும் காலும் அதற்கு விடையளிக்கவும் பழகிய பின்னர், நெடுஞ்சாலையிலே ஐந்தாங் கியர் விழும், இரைச்சல் தணியும். வீடு திரும்பிக் காரை நிறுத்தியவுடன் அவருடைய கை தானாகவே கைப்பிறேக்கை நாடுமாயின், அவர் அவ்வேலையைச் செம்மையாகச் செய்து முடித்தார் என்று கொள்ளலாம்.